வயிற்றுக்கு மாமூல்

பரிதியின் தொப்புளுக்கு மேல் ஒட்டியிருந்த குடற்செவி வில்லை மறுபடியும் சிவந்தது. பாகு கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சுகிர்தா மகனை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பிள்ளைகளின் குடலைக் கடித்து ரத்தபேதி உண்டாக்கும் அந்தக் கிருமியிடம் எல்லா மருந்துகளும் தோற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கொல்ல முடியாதவனிடம் சமாதானம்தானே பேச வேண்டும்? அப்படி வந்ததுதான் சமரசப் பாகு. கிருமிக்குக் குடலைவிட ருசியான ஒரு சர்க்கரை. தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும். அது கடிக்கத் தொடங்கினால் குடற்செவி சிவக்கும், அடங்கினால் பச்சையாகும். ஜனங்கள் பாகுக்கு வைத்த பெயர் மாமூல்.

"அழும்போதெல்லாம் குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர் ஹசீனா. "நேரத்துக்கு மட்டும் குடுங்கன்னுதான சொன்னோம்."

"வலிக்குதும்மான்னு துடிக்கிறான். பாட்டில் கையில இருக்கு. குடுக்காம எப்படி டாக்டர் இருக்கிறது?"

"எல்லா வீட்லயும் அதேதான். கடிக்கிற கிருமி இருந்த வயித்துக்குப் பாகு மேல பாகு போச்சு. அது பெருகி ஊரெல்லாம் பரவிடுச்சு. சாதுவா இருந்த கிருமிக்கு ஒண்ணும் கெடைக்கல, அழிஞ்சுபோச்சு. கடிக்கிற வம்சத்தை நாமளே வளர்த்திருக்கோம்."

சுகிர்தா மகனை மடியோடு இழுத்துக்கொண்டாள். "இப்ப என்ன பண்றது?"

"மூணு நாள் பாகை நிறுத்தணும். சலைன் ஏத்தி நாங்க பார்த்துக்குவோம். பாகுலயே வளர்ந்த இந்த வம்சத்துக்குக் குடல் மட்டும் பத்தாது, பட்டினியில செத்துப்போகும். ஆனா வார்டுல ஒருத்தர் குடுத்தாலும் அங்க பொழைச்சது எல்லாப் பிள்ளைக்கும் வந்துரும். அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் பத்தாது. பிள்ளைங்க தாங்காதும்மா."

வார்டிலிருந்த தாய்மார்கள் எல்லோரும் பாட்டில்களை ஒப்படைத்தார்கள். சுகிர்தாவும் ஒப்படைத்தாள், ஒன்றைத் தவிர.

மறுநாள் மத்தியானம் வார்டு முழுக்க ஒரே அழுகை. கேட்கக் கொடுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அதில் ஒரு தைரியம் இருந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்வரை தாய்மார்கள் யாரும் வாக்குத் தவறவில்லை என்று அர்த்தம். பக்கத்துக் கட்டில் அமலோற்பவம் தன் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

பரிதி முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். குரல் கம்மிவிட்டது.

"அம்மா, நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

அவ்வளவுதான். ஒரு மடக்குதானே என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, சுகிர்தா துணிப்பைக்குள் கைவிட்டாள். பரிதி குடித்தான். குடற்செவி பச்சையானது. தூங்கிப்போனான்.

அந்த ஒரு கட்டில் மட்டும் அமைதியாக இருந்தது. அமலோற்பவம் கண்ணைத் திறந்தாள். தூங்கும் பரிதியைப் பார்த்தாள், பிறகு சுகிர்தாவைப் பார்த்தாள். மெல்லத் தலையணைக்கடியில் கைவிட்டுத் தன் பாட்டிலை எடுத்தாள்.

அதற்கடுத்த கட்டிலில் ஒரு மூடி திறந்தது. எதிர் வரிசையில் இன்னொன்று. அழுகை ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போனது.

சத்தம் நின்றுபோனதைக் கேட்டு, டாக்டர் ஹசீனா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.