தகடு இருந்த சுவர்

1957, பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி.

மொட்டையாண்டிப்புதூர் விமானத்திடலின் பழைய பயிற்சிக் கூடத்தில் பித்தளைத் தகடு ஒன்றைக் காணவில்லை. போனதுதான் போனது, இரண்டு நாள் கழித்துப் போயிருக்கக் கூடாதா?

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பையன்கள் விமானம் ஓட்டப் பழகிய இடம் அது. பழகும்போதே விழுந்து செத்தவர்களும் உண்டு. சண்டை முடிந்து பட்டாளம் மூட்டை கட்டியபோது, செத்தவர்களின் பெயர்களைக் கனத்த பித்தளையில் வெட்டிச் சுவரில் திருகிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஓடுதளத்தில் ஆடு மேய்ந்தது. எப்போதாவது அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன விமானம் வரும், அவ்வளவுதான். கூடத்தைத் திறப்பார் யாருமில்லை. இப்போது, செத்த பையன்களில் ஒருவனைப் பெற்றவர் சீமையிலிருந்து வருகிறார். நாளைக் காலை விமானம். வயது எழுபதுக்கு மேல். மகன் பெயரை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகவேண்டுமாம்.

சப்-இன்ஸ்பெக்டர் லாசர் சைக்கிளில் வந்து இறங்கினார். திருட்டைப் பார்த்ததும் திருடனைச் சொல்லிவிடுவார் என்று வட்டாரத்தில் பெயர். அந்தப் பெயரில் அவருக்கும் கொஞ்சம் கிறக்கம் உண்டு. வாசலிலேயே காத்திருந்தார் திடலின் மேற்பார்வையாளர் பாக்கியநாதன். லாசரின் அக்காள் புருஷன்.

கூடத்துக்குள் இரண்டே பொருள்கள் இருந்தன. ஒரு சுவரில் ஆளுயரத்துக்குக் கண்ணாடி போட்ட படம், பயிற்சிப் பையன்கள் வரிசையாக நிற்பது. எதிர்ச் சுவரில்தான் தகடு இருந்தது. இப்போது அங்கே பால் போல வெள்ளைச் சுவரும் நாலு துளைகளும். கீழே நாலு திருகாணிகள் கிடந்தன. பூட்டு உடையவில்லை.

"கடைசியா எப்ப பாத்தீங்க மாமா?"

"நேத்து சாயங்காலம். பெரியவர் வர்றாரேன்னு திறந்து பாத்தேன். பூட்டறப்ப இருந்துச்சு."

"சாவி?"

"ஆபீஸ் ஆணியில தொங்கும். எடுத்தா நான் எடுக்கணும், இல்ல வாட்ச்மேன் செங்கோட்டையன் எடுக்கணும்." பாக்கியநாதன் குரலைத் தாழ்த்தினார். "யாரையும் கை காட்டறது என் வழக்கமில்ல மாப்ளே. ஆனா இந்த ஓடுதளம் அவன் பூமி. பட்டாளம் பிடுங்கிக்கிச்சு. வயித்தெரிச்சல் இருக்காதா? செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடையில பழைய பித்தளையைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்குறானுங்க. புதுப் பாத்திரமாவே மாத்திக் குடுத்துடறானுங்க."

லாசருக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை. இரண்டு பேரில் ஒருவன் மாமா. மிச்சம் ஒருவன்தானே?

ஒன்பதரை மணி. ஊரில் அன்று சந்தை. செங்கோட்டையன், தன் மனைவி பொன்னாத்தாளோடு மாட்டுக்குக் கயிறு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அறுபதை எட்டிய மனிதர். லாசர் நேரே போய் நின்றார்.

"ராத்திரி பயிற்சிக் கூடத்தைத் திறந்தியா?"

"இல்லைங்க சாமி. நான் அதுக்குள்ள கால் வெச்சதே இல்லைங்க."

"காவக்காரன் நீ. உள்ள போனதே இல்லையா? யார்கிட்ட காது குத்தறே?"

"அந்த எடத்துல எங்க குலசாமி கோயல் இருந்துதுங்க. அதை இடிச்சுப்போட்டுத்தான் கூடம் கட்டுனாங்க. எப்படிங்க உள்ள மிதிக்கறது? வெளிய நின்னுதான் காவல் பாக்கறனுங்க."

"அப்ப கோபம் இருக்கு."

"வருத்தம் இருக்குதுங்க. அதுக்காவ திருடுவனுங்களா?"

பளார் என்று ஒரு அறை. கயிற்றுக்காரன் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. சந்தையே திரும்பிப் பார்த்தது. பொன்னாத்தாள் "அட சாமீ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். லாசர் கைவிலங்கை மாட்டி, காய்கறிக் கடைகளுக்கு நடுவே செங்கோட்டையனை நடத்திப் போய்த் திடல் ஆபீஸ் வராந்தாவில் உட்காரவைத்தார். இருபது வருடமாகத் தன்னிடம் நல்லது கெட்டது கேட்ட ஊர்க்காரர்களை நிமிர்ந்து பார்க்காமல் அந்த மனிதர் நடந்தார்.

வீட்டைச் சோதித்தாயிற்று. அடுப்படி, வைக்கோல் போர், கிணற்றடி எங்கும் ஒன்றுமில்லை. 'விற்றிருப்பான்' என்று லாசர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கேட்டது ஒரு வாய்ச்சொல், கண்டது ஒரு வெறும் சுவர். அதை வைத்துக்கொண்டு மனுஷர் எவ்வளவு நிச்சயமாக இருந்தார் என்கிறீர்கள்!

பகல் பன்னிரண்டு மணி. பாக்கியநாதனுக்கு ஒரு யோசனை வந்தது.

"பெரியவர் வர்றப்ப சுவர் மொட்டையா இருந்தா அசிங்கம் மாப்ளே. எதிர்ச் சுவத்துப் படத்தை எடுத்து இங்க மாட்டிடலாம். ஒரு கை குடு."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படத்தை இறக்கினார்கள். பின்னால் படத்தின் அளவுக்கே ஒரு சதுரம், பழுப்பேறி, ஒட்டடையும் பல்லி முட்டையுமாக. லாசர் தும்மிவிட்டுச் சிரித்தார்.

"நம்ம வெள்ளையடிக்கற ஆளுங்க புத்தியே புத்தி. ஆணியில மாட்டுனதைக் கழட்டவே மாட்டானுங்க. சுத்திவர பூசிட்டுப் போயிடுவானுங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அருகே போய், ஒரு துளைக்குள் ஆணி முனையை விட்டுச் சுரண்டினார். உள்ளே காய்ந்த சுண்ணாம்பு உதிர்ந்தது. மற்ற மூன்றிலும் அப்படித்தான்.

"எப்ப மாமா வெள்ளையடிச்சது?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"மறுபடி அடிச்சீங்களா?"

"வருசத்துக்கு ஒருதரம்தானே பணம் வருது."

"கூட நின்னது?"

"நான்தான். வேற யாரு?"

"படத்துக்குப் பின்னாடி பத்து வருச அழுக்கு. தகட்டுக்குப் பின்னாடி பால் வெள்ளை. நேத்து சாயங்காலம் வரைக்கும் தகடு இருந்திருந்தா, பொங்கல் சுண்ணாம்பு துளைக்குள்ள எப்படி மாமா போச்சு?"

பாக்கியநாதன் படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்ணு அந்தோணிமேரி கல்யாணம் தையில வெச்சிருந்துச்சு. நீ வந்து என்ன சொன்னே? 'தாய்மாமன் நான் இருக்கேன். எம் மருமக அலுமினியச் சட்டியோடயா போவா? பித்தளை அண்டா இல்லாம சீர்த்தட்டைத் தொடமாட்டேன்'னு சம்பந்தி முன்னாடியே சொன்னே. எனக்கு எங்க போவ வழி? வீட்டுல இருந்த ஓட்டைக் குடத்தையும் இந்தத் தகட்டையும் சேர்த்து செவ்வாய்ப்பேட்டையில போட்டு மாத்தினேன். கேக்கறதுக்கு ஒரு நாதி வரும்னு யாருக்குத் தெரியும்? போன வாரம் தந்தி வந்துச்சு. திருகாணியை நான்தான் கீழ போட்டேன்."

அந்த அண்டாவைத் தம்மம்பட்டிச் சம்பந்தி வீட்டுக்கு மேளதாளத்தோடு தலையில் சுமந்துபோனவர் லாசர். சுமந்தபோது என்ன மிடுக்கு! இப்போது உடம்பெல்லாம் கூசியது. செத்தவன் பெயரை உருக்கிய பித்தளையில் அக்காள் மகள் தண்ணீர் காய்ச்சுகிறாள். அதைக் கேட்டு வாங்கியது தம் வாய். அடித்தது தம் கை.

"விட்ரு மாப்ளே," பாக்கியநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தவக்காலம். மாதாகோயில் சாமியார் காதுல சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன். சம்பந்திக்குத் தெரிஞ்சா பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவான். உன் அக்கா உசுரை விட்டுடுவா."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். லாசருக்கும் ஆடியது. செங்கோட்டையனைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம், திருடன் அகப்படவில்லை என்று எழுதிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. ஆபீஸ் வராந்தாவுக்குப் போய்க் கைவிலங்கைக் கழற்றினார்.

"நீங்க எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சுங்க. தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோங்க. வீட்டுக்குப் போங்க."

செங்கோட்டையன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு எழுந்தார். தூணோரம் உட்கார்ந்திருந்த பொன்னாத்தாள் எழவில்லை.

"ஏனுங்க சாமி, அடிச்சது எங்கீங்க?"

"சந்தையில."

"மன்னிப்பு மட்டும் வராந்தாவுலயா? சந்தை இன்னும் கலையிலீங்க. கூட்டம் இருக்குதுங்க. அவரு இப்படியே ஊட்டுக்கு வந்தா, ஆரோ சொல்லித் திருட்டுப்பயலை உட்டுட்டாங்கன்னுதான் பேசும் ஊரு. நாங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க பொழைக்கறது?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் இருந்த இடம் லாசரின் குடும்பம். நாலு சுவருக்குள்ளே சாமியார் காதில் ஓதித் தீர்க்கலாம் என்று மாமா சொன்னதற்கும், தாம் வராந்தாவில் முணுமுணுத்ததற்கும் என்ன வித்தியாசம்? அதை நினைக்க நினைக்க அவருக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது. கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாக்கியநாதனை எழுப்பி நிறுத்தினார்.

"கிளம்புங்க மாமா."

பகல் ஒன்றரை மணி. சந்தை நடுவில், அறைந்த அதே இடத்தில், லாசர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் பாக்கியநாதன் கைவிலங்கோடு. கூட்டம் கூடச் சொல்லவா வேண்டும்?

"எல்லாரும் கேட்டுக்குங்க. தகட்டை எடுத்தது இவர். என் அக்கா புருஷன். பொங்கலுக்கு முன்னாடியே போன தகட்டை நேத்து போச்சுன்னு சொன்னார். தகடு இருந்த இடத்துல, துளைக்குள்ள, பொங்கல் சுண்ணாம்பு இருக்கு. காலையில நான் பாத்த சுவர்தான். சொந்தக்காரர் சொன்னதை நம்பினேன், சுவர் சொன்னதைப் பாக்கல. அந்தப் பித்தளை என் மருமகளுக்குச் சீர் அண்டாவாப் போச்சு. கேட்டு வாங்கினவன் நான். ஒரு பாவமும் அறியாத மனுஷனை அடிச்சவனும் நான்."

பிறகு குனிந்து செங்கோட்டையனின் காலைத் தொட்டார். கூட்டத்தில் யாரோ "ச்சே" என்றார்கள். யாரைச் சொன்னார்களோ, லாசர் தம்மைத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

"செரிங்க, எந்திரிங்க," என்றார் செங்கோட்டையன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நடந்தார்.

பொன்னாத்தாள் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள்.

"நாளைக்கு வாராரே, மகனைப் பறிகொடுத்தவரு, அவருகிட்டயும் சொல்லோணுங்க சாமி."

"சொல்றேன்மா."

"களவு போச்சுன்னு சொல்லி முடிச்சுப்போடாதீங்க. அந்தப் பேரு இப்ப ஆரு ஊட்டு அடுப்புல இருக்குதுன்னும் சொல்லோணும்."

லாசர் தலையாட்டினார். அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட அவரால் முடியவில்லை.