எங்க படுத்திருக்க?

கணக்கு டீச்சர் தன் கனவைச் சொல்லி முடிப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரர் அதன் கடைசி வரியைச் சொல்லிவிட்டார்.

"'நீ எங்க படுத்திருக்க?' அதானே கேட்டான்?"

டீச்சரின் வாய் திறந்தபடியே நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கனவுல வந்தவனும் அதையேதான் கேட்டான்."

மருந்துக்கடையின் மாடி அறையில், கீழேயிருந்து படியேறி வரும் இருமல் மருந்தின் இனிப்பு நெடிக்கு நடுவே, சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர்கள் ஐந்து பேரும் வட்டமாக உட்காருவார்கள். கனவு காணும்போதே அது கனவென்று தெரிந்துகொள்ளப் பழகும் குழு அது. மருந்துக்கடைக்காரர்தான் வாரம் ஒரு பயிற்சி கொடுப்பார். ஒரு வாரம், நினைத்தபோதெல்லாம் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். கனவில் விரல்கள் கூடிக் குறையும். இன்னொரு வாரம், கண்ணில் படும் எழுத்தை இரண்டு தரம் படிக்க வேண்டும். கனவில் அது மாறிவிடும். இந்த வாரப் பயிற்சி, கனவில் எதிர்ப்படும் ஆளை நிறுத்தி 'நீ யார்?' என்று கேட்பது.

ஐவரில் கடைசியாகச் சேர்ந்தவள் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிப்பவள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. அவன் கிளம்பிப் போன நாளிலிருந்து கனவில் மூழ்கி மூழ்கி மூச்சுத் திணறி எழுந்தவள், இங்கே வந்த பிறகுதான் ஒருநாள் கடலடியில் நிமிர்ந்து நின்று, 'இது கனவு' என்று சிரித்தாள். அதனால் இந்தக் குழுவை அவளால் விட முடியவில்லை.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"விலாசத்தையே சொல்லிட்டேன். கனவுதானே?" டீச்சர் சிரித்தார். "அவ்வளவு மரியாதையா கேட்டான்."

தையல்காரரும் சொல்லிவிட்டிருந்தார்.

"வாடகைக்கு வீடு தேடறான் போல," என்றார் டிரைவிங் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வாரத்தின் நடுவில் அவன் அவள் கனவுக்கும் வந்தான்.

கடையில் சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். அவன் படிக்கப் படிக்க அவை இடம் மாறின. கனவு என்று தெரிந்துகொண்டாள். முகத்தைப் பார்க்க விளக்கைத் திருப்பினாள். வெளிச்சம் அவன் கழுத்துவரை வந்து நின்றுவிட்டது.

"நீ யாரு?"

"நீ எங்கம்மா படுத்திருக்க?" உடம்பு சரியில்லாதவர்களை விசாரிப்பதுபோன்ற கனிவான குரல்.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு எழுந்தான்.

"பரவாயில்ல. உங்க வீட்ல கேட்டுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை டீச்சரின் நாற்காலியும் தையல்காரரின் நாற்காலியும் காலியாக இருந்தன.

மருந்துக்கடைக்காரர் டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டீச்சரின் கணவர் பேசினார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"தூங்கறா சார். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து எழுப்பவே முடியல. நாடி, ரத்தம் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா யார்கூடவோ பேசிக்கிட்டே இருக்கா."

போனை வைத்த பிறகு மருந்துக்கடைக்காரர் மெல்லச் சொன்னார். "தையல்காரர் சம்சாரமும் காலையில வந்து இதையேதான் சொன்னாங்க."

மூன்று பேரும் தங்களை அறியாமல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து விரல்கள். ஐந்தேதான்.

அவள் தன் கனவைச் சொன்னாள். டிரைவிங் மாஸ்டரின் முகம் வெளுத்தது.

"வீட்ல இப்ப யாரும்மா இருக்காங்க?"

அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

தெருவில் ஆட்கள் இருந்தார்கள், வண்டிகள் ஓடின, பழக்கடைக்காரர் ஏதோ கூப்பிட்டார். ஒன்றும் காதில் ஏறவில்லை, தன் செருப்புச் சத்தமும் அதற்கு ஒரு நொடி பின்னால் வரும் இன்னொரு செருப்புச் சத்தமும் தவிர. திரும்பிப் பார்க்கவில்லை.

நாத்தனார் கதவைத் திறந்தாள். "என்ன அண்ணி, இப்படி வேர்த்திருக்கு?"

"பாப்பா எங்க?"

"விளையாடிட்டு வந்ததும் அசதியா இருக்குன்னு படுத்துட்டா. நல்லாத் தூங்கறா."

உள்ளறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. கட்டிலின் நடுவில் ஆறு வயது மகள் மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசைந்தன.

"...நீலக் கதவு. ஆமா. உள்ள வந்தா ரெண்டாவது ரூம்."

"பாப்பா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துவண்டு ஆடியது. "எந்திரிடா! அம்மா வந்துட்டேன், பாரு!"

குழந்தை காது கொடுத்துக் கேட்பவள்போல நெற்றியைச் சுருக்கினாள். பிறகு,

"அம்மாவா? இங்கதான் நிக்கறாங்க."

மறுபடி காது கொடுத்தாள்.

"இல்ல, தூங்கல. அழறாங்க."

"அண்ணி..." நாத்தனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவள் மகளை வாரித் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரும்புக் கனம். கன்னத்தில் தட்டினாள். தண்ணீர் தெளித்தாள். காதில் கத்தினாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"அம்மாவும் என்கூடத்தான் படுப்பாங்க," என்றாள் குழந்தை. "சுவர் ஓரமா."

மௌனம்.

"இடமா? இருக்கே."

மூடிய கண்களோடு புன்னகைத்தாள். இடுப்பை எக்கி எக்கி, மெல்ல, மெல்ல, கட்டிலின் வெளி ஓரத்துக்கு நகர்ந்து படுத்தாள்.

குழந்தைக்கும் சுவருக்கும் நடுவே, மெத்தை அமுங்கத் தொடங்கியது.