பல்லி மிதித்த வீடு

"ஏய் பல்லி! கண்ணு தெரியல?"

அவள் போட்ட சத்தத்தில் கூரைத் தகரமே அதிர்ந்தது. ரசாயனக் கழிவைக் குடித்து மலையாக வளர்ந்த பல்லி, ஒரு நகரத்தை அழிக்கும் படம் அது. அந்த நகரத்தை அட்டையில் கட்டியவள் அவள். அன்று அழிக்க வேண்டிய வீடுகள் இடது பக்கம். பல்லியோ வலது பக்கம் திரும்பி, கடைசிக் காட்சிக்கென்று வைத்திருந்த நீல ஜன்னல் வீட்டை மிதித்துவிட்டது. மூன்று நாள் உழைப்பு... தவிடுபொடி!

ரப்பர்ப் பல்லி வேஷத்தின் கழுத்தில் வலை போட்ட துவாரம். அதற்குள் இரண்டு கண்கள். சிவந்து, களைத்து, மழையில் நனைந்தவை போல வியர்வையில் மிதக்கும் கண்கள்... ஏதோ முனகல் கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லையாம்!

பதினோரு நாள் பேசவில்லை. பசையில் விரல்கள் வெடித்திருந்தன; தூக்கத்தில் கண் செருகியது. ஆனாலும், பல்லித் தோலைக் கழற்றிவிட்டு அவன் சுவரோரம் கால் நீட்டி உட்காரும்போதெல்லாம் பார்வை அங்கேதான் போயிற்று. முட்டியில் துணி சுற்றியிருந்தான். பாவம்... 'பாவமாவது! ஒரு வார்த்தை சொன்னானா?' என்று மனத்தை அதட்டி உட்கார வைத்தாள்.

கடைசி நாளும் வந்தது. நாளை செட்டைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் அவரவர் வழி அவரவர்க்கு.

"ஆக்‌ஷன்!"

பல்லி உறுமிக்கொண்டு வந்தது. புதிதாகக் கட்டிய நீல ஜன்னல் வீட்டருகே வந்ததும்... பூனை மாதிரி காலைத் தூக்கித் தாண்டிப் போய்விட்டது.

"கட்! வீட்டை மிதிய்யா!" டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது முறையும் தாண்டியது. மூன்றாவது முறையும்.

"நீயே போய்ச் சொல்லும்மா. நீ கட்டின வீடுதானே."

அவள் போய்த் துவாரத்துக்கு நேராக நின்றாள்.

"ஏன் மிதிக்கல?"

உள்ளே ஏதோ முனகல். புரியவில்லை. வலையில் காதை வைத்தாள்.

"ஒரு தடவை மிதிச்சதுக்கே பதினோரு நாள் பேசல. இன்னொரு தடவை மிதிச்சா என் கதி?"

"சாரி கேட்டிருந்தா பேசியிருப்பேன்."

"அன்னிக்கே அஞ்சு தடவை கேட்டேங்க! இந்த ரப்பரைத் தாண்டிக் குரல் வெளிய வந்தாத்தானே? அப்புறம் கேக்கலாம்னா... உங்க மூஞ்சியப் பாத்தாலே பயமா இருந்துச்சு."

"ஊரையே மிதிக்கிற பல்லிக்குப் பயமா?"

சிரிப்பு வந்தது. அந்த முனகல்... மன்னிப்பா? அத்தனை நாள் கோபமும் வீணா?

"மிதிங்க," என்றாள் மெல்ல. "அட்டை வீடுதானே. அடுத்தத நல்லாக் கட்டிக்கலாம்."

"யாருக்கு?"

"உங்க உசரத்துக்கு வாசல் வெச்சுக் கட்டறேன். குனியாம வரலாம். உள்ள... நான் இருப்பேன். போதுமா? இதுக்கு மேல என்னால முடியாது. ரொம்ப அசதியா இருக்கு."

தகரத்தில் மழை பெய்தது. இரண்டு கண்களும் அவளையே பார்த்தன... பிறகு, நாக்கைச் சொடுக்கும் சத்தம்.

"ச்சு... ச்சு... ச்சு..."

"என்னம்மா சொல்றான் அவன்?" என்று கத்தினார் டைரக்டர்.

அவள் நிமிரவில்லை. காது மடல் வரை சிவந்திருந்தது.

"நான் சொன்னது நடக்குமாம் சார்... பல்லியே சொல்லிடுச்சு."