முனவ்வறாவின் வெயில் கரண்டு

சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய ஸலாஹுதீன் சுவிட்சைத் தட்டினான். வெளிச்சம் வரவில்லை. மறுபடியும் தட்டினான். பிறகு அடுத்த வளவுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தான்.

"முனவ்வறா! இஞ்ச வா புள்ள! உன்ட வெயில் கரண்டு இண்டைக்கும் கண்ண முழிக்கல்ல!"

குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த முனவ்வறா மண்ணெண்ணெய் விளக்கோடு வந்தாள்.

"நேத்து மஹ்ரிபுக்குப் பொறகு கொஞ்ச நேரம் எரிஞ்சதுதானே..."

"கொஞ்ச நேரம்! அதுக்காகவா நல்ல கரண்டு வயர வெட்ட வெச்சாய்? சந்தையில போற வாறவனெல்லாம் 'என்ன ஸலாஹுதீன், வீட்டுக்கு வெயில் வந்திட்டா?' எண்டு கேக்கிறான். மனிசன் தலை நிமிந்து நடக்க ஏலாமக் கிடக்கு!"

நியாயமாகச் சொன்னால், கரண்டு கந்தோரில் வயரை வெட்டச் சொல்லிப் போய் நின்றவன் அவன்தான். முதல் மாதம் வீடு பளிச்சென்று எரிந்தபோது, யோசனை முழுக்கத் தன்னுடையது என்று சாய்ந்தமருதுச் சந்தை முழுவதும் சொல்லித் திரிந்தவனும் அவன்தான். நல்லது நடந்தால் தன் கெட்டித்தனம், கெட்டது நடந்தால் பெண்சாதியின் புத்தி. இதில் அவன் ஊரில் மற்ற ஆண்களைவிட மோசமில்லை, மேலுமில்லை.

முனவ்வறா குவைத்தில் ஒரு வீட்டில் இரண்டு வருசம் வேலை செய்து திரும்பியவள். அப்படிப் போய்வந்த பெண்கள் டீவி கொண்டுவந்தார்கள், காப்பு கொண்டுவந்தார்கள். இவள் கொழும்பில் இறங்கிய கையோடு ஒரு கடையில் இந்தச் சூரியத் தகட்டையும் பெட்டரியையும் வாங்கினாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனைக் கரையில் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. கம்பனி ஆள் வந்து குசினிக் கூரையில் பூட்டிவிட்டுப் போனான். ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கரண்டு விலை வருசா வருசம் ஏறுது. இவர்ட கடை வருமானம் ஏறுதா? வெயிலுக்கு ஆரு விலை ஏத்துற?"

ஆனால் இரண்டாம் மாதத்திலிருந்து வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ரேடியோ திருத்துகிறவன் ஒரு நாள் பின்னேரம் வந்து பார்த்துவிட்டு, பெட்டரியில் பழுதில்லை, தகடுதான் செத்துப்போச்சு என்றான்.

ஸலாஹுதீன் உளூச் செய்து தொழுதுவிட்டு வந்தான். குரல் இறங்கியிருந்தது. அவன் குரல் இறங்கினால்தான் முனவ்வறாவுக்குப் பயம்.

"அச்சிமுகம்மது முதலாளி சாகாமத்து வயல் காவல் வாடிக்கு அந்தத் தகட்டக் கேக்கிறார். பழுதெண்டு சொல்லித்தான் விலை பேசின. நாளைக்குக் காலையில கழட்ட ஆள் வரும். திருப்பிக் கரண்டு எடுப்பம்... அதுக்கு அந்தக் காசு காணாது. நீ இன்னொருக்காப் போய்ட்டு வா."

"எங்க?"

"வேற எங்க? குவைத்துக்குத்தான்!"

முனவ்வறா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் திரும்பி வந்த அன்று கடைசி மகள் சுபைறா அவளைக் கண்டு அலறிக்கொண்டு ஓடி ஒளிந்தவள். முனவ்வறாவின் தாயைத்தான் அந்தப் பிள்ளை "உம்மா" என்று கூப்பிட்டது. இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறது. இந்தக் கிழமைதான் முனவ்வறாவின் பக்கத்தில் வந்து படுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு வருசம் போனால் அந்தப் பிள்ளைக்கு அவள் யார்?

அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. அது முனவ்வறாவின் தாய் சரீபா. வீடு முனவ்வறாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட, சரீபா பின்னறைக்கு ஒதுங்கிக்கொண்டாள். மருமகனின் முன்னால் மாமி வரக் கூடாது. நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து சரீபா ஆக்கிய சோற்றை ஸலாஹுதீன் தின்கிறான். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவன் படலை திறக்கும் சத்தம் கேட்டாலே அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

முனவ்வறா வழக்கம்போல அடுத்த தெரு றாஹிலா வீட்டுக்குத் தைக்கப் போனாள். ஊசியில் நூல் கோக்கக்கூடக் கண் தெரியவில்லை. "என்னகா, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு?" என்று றாஹிலா கேட்டதும் எழுந்துவிட்டாள். லுஹருக்குப் பாங்கு சொல்லுமுன்னே வீட்டுப் பின்வளவுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

குசினிக் கூரையில் தகட்டைக் காணவில்லை. அதன்மேல் நனைத்த பன்பாய் ஒன்று ஒழுங்காக விரித்துக் கிடந்தது. கீழே மர வாங்கின்மேல் நின்ற சரீபா, கொக்கத்தடியால் பாயின் மூலையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"உம்மா! என்ன செய்றீங்க!"

சரீபா திடுக்கிட்டு இறங்கினாள். "ஏன் மகள் கத்துற? ஒரு நாள் கையால தொட்டுப் பாத்தன், தீயாக் கொதிக்கிது! கண்ணாடி வெடிச்சிட்டா? மறுகா, ரோட்டால போற சனமெல்லாம் நிண்டு நிண்டு பாக்குதுகள். கண்ணூறு பட்டிரும்... அதுதான் நீ தைக்கப் போனதும் மூடி வைக்கிற. அஸருக்கு முன்னால எடுத்திருவன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். ஒரு நாளும் மறக்கல்ல" என்றாள் சரீபா, கொஞ்சம் பெருமையாகவே.

முனவ்வறா அந்த வாங்கிலேயே இருந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெயிலைத் தின்றுதான் அந்தத் தகடு வேலை செய்கிறது என்பதை அவள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல சரீபாவின் முகம் வெளிறிப்போனது.

"யா அல்லாஹ்! நானா உன்ன இந்தப் பேச்சுக் கேக்க வெச்சன்... மகள், மருமகனுக்குச் சொல்லிராத. இந்தக் கிழவிக்கி வெயில் எது, கரண்டு எது எண்டு தெரியா எண்டு அவர் சந்தையில சொன்னா நான் எங்க போய் முகத்த வைக்கிற?"

"சொல்ல மாட்டன் உம்மா" என்றாள் முனவ்வறா. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். அதுதான் அவளுடைய கஷ்டகாலம்.

மறுநாள் காலை முதலாளியின் ஆள் ஏணியோடு முற்றத்தில் வந்து நின்றான். முனவ்வறா புருசனின் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்க... ஒரு கிழம பொறுங்க. பெட்டரி நிறையட்டும். கட்டாயம் எரியும்."

"அது எப்பிடித் திடீரெண்டு எரியும்? என்ன நடந்த, சொல்லு!"

அவள் கண் பின்னறைக் கதவுக்குப் போய், நிலத்துக்குத் திரும்பியது.

"பாத்தியா! கதைக்க ஒண்டுமில்ல. ஊரு சிரிச்சது காணாதா? பிடிவாதம், பிடிவாதம்! ஏணிய வைங்க தம்பி!"

"சரி" என்றாள் முனவ்வறா. கண்ணீர் தாடையால் வழிந்தது. "கழட்டுங்க. நான் குவைத்துக்குப் போறன்."

"நில்லுங்க மருமகன்!"

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. சரீபா வெளியே வந்து, முற்றத்து வெளிச்சத்தில் அவனுக்கு நேரே நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. ஸலாஹுதீன் பதறி முகத்தைத் திருப்பினான்.

"கிறுகாதீங்க! என்னப் பாருங்க! அந்தத் தகட்டப் பாய் போட்டு மூடின நான். அவள் நேத்துத்தான் கண்டவள். என்ட மானத்துக்காக வாயப் பொத்திட்டு நிக்கிறாள்!"

"நீங்களா... ஏன் மாமி?"

"என்ட புள்ள ரெண்டு வருசம் ஊரான் வீட்டுக் கக்கூசு கழுவி வாங்கின சாமான் மருமகன். வெடிச்சிருமெண்டு பயந்தன்..." குரல் உடைந்தது. "சின்னவள் என்ன உம்மா எண்டு கூப்பிடக்குள்ள, ஒவ்வொரு தரமும் களவெடுத்த மாதிரி இரிக்கி எனக்கு. என்ட மகள்ட பேர நான் வெச்சிட்டிரிக்கன். அவள் இன்னொருக்காப் போனா அது எனக்கே சொந்தமாகிரும். எனக்கு அது வேணாம்! பேசுறதெண்டா என்னப் பேசுங்க. அவள அனுப்பாதீங்க!"

ஏணிக்காரன் எதையும் கேட்காதவன்போல் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸலாஹுதீன் ஏணியில் கை வைத்தான்.

"தம்பி, ஏணிய வெச்சிட்டுப் போங்க. பொறகு வந்து எடுக்கலாம். தகடு விக்கிறதுக்கில்ல எண்டு முதலாளிட்டச் சொல்லுங்க." பெண்சாதியின் பக்கம் திரும்பினான். "நீ எங்கயும் போகத் தேவல்ல புள்ள. நான்தான்... நான் உன்னக் கேட்டிரிக்கோணும். கேக்காமக் கத்திட்டன்."

முனவ்வறா தாயைக் கட்டிப் பிடித்தாள்.

"எனக்காக அவருக்கு முன்னால வந்திட்டீங்களே உம்மா..."

"போகா! புள்ளைக்காக விடாத வெக்கம் என்ன வெக்கம்!"

இருவரும் முற்றத்து மணலிலேயே இருந்து அழுதார்கள். ஸலாஹுதீன் ஒரு துணியை நனைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். கடல்காற்றில் தகட்டின்மேல் உப்புப் படிந்திருந்தது. துடைத்தான். தகடு பளபளத்தது. கீழே அழுகை ஓயவில்லை. அவர்கள் அழுது முடியட்டும் என்று, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு வெயிலில் நின்றான்.