மூன்று விநாடிப் பதில்

ஒன்பதாம் கடல்நீர் நிலையம் இயங்குவதைக் காட்டும் நேரடிச் சமிக்ஞையான நாடி நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. பிரிசில்லா திரையை மூன்று முறை புதுப்பித்துப் பார்த்தாள். அன்று காலைகூட அந்த நிலையம் நகரத்துக்குக் குடிநீர் அனுப்பியதாக இணைப்பகம் சொல்லியிருந்தது.

மருத்துவமனை, மின்வாரியம், துறைமுகம் என்று ஒவ்வொரு துறையின் மென்பொருளும் செயல்மனை என்ற தனிக் கணினி அமைப்பில் ஓடியது. ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொண்டுசேர்ப்பது இணைப்பகம். மனிதர்கள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளும் அதன் வழியேதான் போயின. முன்பெல்லாம் ஒரு செயல்மனை மௌனமானால், அதை நம்பியிருந்த நூறும் காத்துக் கிடக்கும். அதற்காகத்தான் பிரிசில்லா பதிலி என்ற நிரலை எழுதினாள். மூன்று விநாடிக்குள் பதில் வராவிட்டால், வரக்கூடிய பதிலைப் பதிலியே கணித்துக் கொடுத்துவிடும். நான்கு ஆண்டுகளாக நகரம் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை.

நடுக்கடலில் கடல்நீரைக் குடிநீராக்கிய அந்த ஒன்பதாம் நிலையத்தில் ஏழு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் கணவன் கஸ்பார்.

கைப்பேசியைத் திறந்தாள். பதினோரு நாளும் அவன் செய்தி வந்திருந்தது. அவன் நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று இருவருக்கும் பெரிய சண்டை. நாடி நின்ற மூன்றாம் நாள் அவன் எழுதியிருந்தான்: "தப்பு எம்மேலதான் பிள்ள. மனசுல வச்சுக்காத." ஒன்பது வருட வாழ்க்கையில் கஸ்பார் தப்பை ஒப்புக்கொண்டதே இல்லை. அன்று அவள் அதை வாசித்து அழுதாள். அதை எழுதியது கஸ்பார் இல்லை என்று இப்போது புரிந்தது. எந்தப் பதிலைக் கொடுத்தால் கேட்டவர் மறுகேள்வி கேட்பதில்லை என்பதைப் பதிலி நாளடைவில் கற்றுக்கொண்டிருந்தது.

தலைமைப் பொறியாளர் ஞானப்பிரகாசத்திடம் ஓடினாள். அவர் உடனே மீட்புப் படகு கேட்டுச் செய்தி அனுப்பினார். படகு புறப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சார், சரியா மூணு விநாடில வந்துருக்கு," என்றாள் பிரிசில்லா.

அவர் முகம் வெளிறியது. பதிலியை நிறுத்தும்படி அவள் கெஞ்சினாள். அவர் தலையசைத்து மறுத்தார்.

"நிறுத்தினா ஊரே நின்னுரும்மா. எத்தன எடத்துல அதுவே பேசிட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் பயமா இருக்கு."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. மீன்பிடித் துறைக்கு ஓடி, கரையில் நின்ற ஒவ்வொருவரிடமும் மன்றாடினாள். அனுமதிச்சீட்டு இல்லாமல் கடலுக்குப் போகமுடியாது என்று எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் சூசைமரியான் என்ற கிழவர் ஒன்றும் கேட்காமல் விசைப்படகின் கயிற்றை அவிழ்த்தார்.

உச்சி வெயிலில் நிலையத்தை அடைந்தார்கள். புயலில், மின்சாரமும் செய்தியும் போய்வந்த கடலடிக் கம்பிவடம் அறுந்து, எந்திரங்கள் நின்று கிடந்தன. தளத்தின் நிழலில் நான்கு பேர் சுருண்டு கிடந்தார்கள். பக்கத்தில் தார்ப்பாயால் மூடிய மூன்று உடல்கள். குடிநீர் தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. கப்பியில் உயிர்காப்புப் படகு, கட்டு அவிழ்க்கப்படாமல், அப்படியே தொங்கியது.

கஸ்பாருக்கு உயிர் இருந்தது. அவள் அவன் தலையை மடியில் தூக்கிவைத்து, வெடித்த உதட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள்.

"படகு இருந்துச்சே, ஏன் எறங்கி வரல?" என்று கேட்டாள்.

அவன் பக்கத்தில் கிடந்த கைப்பேசியை அவள் பக்கம் தள்ளினான். சூரியத் தகட்டின் மின்சாரத்தில் ஓடிய நிலையத்துச் செயல்மனையிலும் ஒரு பதிலி இருந்தது. அதை நிறுவியவளும் அவள்தான். திரையில் அவள் பெயர், அவள் பேச்சு, நாளுக்கு ஒன்றாகப் பதினோரு செய்திகள்.

"நீதான பிள்ள சொன்ன," என்றான் கஸ்பார். "இன்னைக்கு ஆளு வந்துரும், எங்கயும் போயிராதீங்கன்னு."