மேப்பிள் மரத்தடிக் குவியல்

திங்கட்கிழமை காலை அந்த இலைக்குவியல் வெர்னாவின் இடுப்பளவு உயரம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரும் பிளாஸ்டிக் வாரிகளால் இழுத்து இழுத்துச் சேர்த்துவிட்டுப் போனபோது அது அவள் முழங்காலுக்குக்கூட வரவில்லை. நடுவில் இரண்டு நாள் ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்து, ஊர்க் குப்பைத்தொட்டிகளையெல்லாம் உருட்டிவிட்டிருந்தது. ஞாயிறு முழுக்க மழை வேறு. கலைந்துபோய் வேலியோரம் ஈரமாக அப்பிக்கிடக்க வேண்டிய இலைகள், மேப்பிள் மரத்தடியில், யாரோ இரண்டு கையாலும் அணைத்து அணைத்து ஒதுக்கியதுபோல் வட்டமாக நின்றன. ஒன்றுகூட நனையவில்லை. குளிரில் அதன் உச்சியிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது.

தேவாலயத்தைப் பெருக்குகிற ஆள் சேர்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது என்று நினைவு வந்தபோது, உள்ளே யாரோ யாரையோ கடித்துவிட்டார்கள். அலறல் கேட்டு ஓடினாள்.

கடித்தது ஓட்டிஸ். எப்போதும் ஓட்டிஸ்தான். நான்கு வயது, செம்பட்டை முடி, காலில் சக்கரம் கட்டிய பிள்ளை. லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் நடந்த அந்தப் பாலர் பள்ளியில், வெர்னாவுக்கு உதவியாக இருந்த பெண் செப்டம்பரில் நின்றுவிட்டாள். நன்றி தெரிவிக்கும் நாள் கழிந்த பிறகு வேறு ஆள் பார்க்கலாம் என்று பொறுப்பாளர் ரோண்டா சொல்லிவிட்டாள். வீட்டில் கணவர் லென், முதுகில் அறுவை முடிந்து, இரவில் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை எழுந்து உட்காரவும் ஆள் வேண்டும். ஐம்பத்தாறு வயதில் வெர்னா நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். கண் திறந்திருக்கும், வாய் பாட்டுப் பாடும், உள்ளே மட்டும் ஆள் இருக்காது.

அன்று பத்து மணிக்குப் பிள்ளைகளை வெளியே விட்டாள். ஓட்டிஸ் ஓடிப்போய்க் குவியலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தான். இலைகள் அவன்மேல் மூடிக்கொண்டன. மற்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள்.

பிறகு குவியல் அசையாமலே இருந்தது.

"ஓட்டிஸ், போதும்டா. வெளியே வா."

பத்து எண்ணியிருப்பாள். இருபதுகூட இருக்கும். முதல் அடி எடுத்து வைத்தபோது குவியலின் மறுபக்கத்திலிருந்து அவன் நடந்து வந்தான். ஓடவில்லை. நேராக வந்து அவள் பக்கத்தில் நின்றான். மற்ற பிள்ளைகள் உள்ளே போகிறவரை அப்படியே நின்றான்.

மதியம் தூக்க நேரத்தில், ஆகஸ்டிலிருந்து ஒரு நாள்கூடக் கண் மூடாத அந்தப் பிள்ளை, குட்டி மெத்தையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். விளக்கை அணைத்த அறையில் சூடேற்றும் குழாய்களின் முனகல், பசை வாசனை, பிழிந்த ஆப்பிள் வாசனை, எட்டுச் சின்ன மூக்குகளின் மூச்சு. வெர்னா காப்பியைச் சூடு ஆறாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அழுகை வந்துவிடும்போல அத்தனை சுகமாக இருந்தது.

எட்டு மூச்சு. ஒன்பது பிள்ளைகள். எழுந்து போய் ஓட்டிஸின் முதுகுக்கடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். சட்டைக்குள் ஏதோ சரசரவென்றது. உடனே நின்றுபோனது. பிறகு, அவள் கை இருப்பதைத் தெரிந்துகொண்டதுபோல, முதுகு ஏறி இறங்கத் தொடங்கியது. ஒழுங்காக. ஒரே அளவில். சளி கட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவள் நாற்காலிக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை அவனைக் கொண்டுவந்து விட்ட அப்பா கர்ட், வாசலில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"மிஸ், எம் பையனுக்கு என்ன மந்திரம் போட்டீங்க? எட்டு மணிக்குப் படுத்தவன் காலையில ஏழு வரைக்கும் அசையல! நானும் எம் பொண்டாட்டியும் அஞ்சு வருஷத்துல முதல் தடவையா ஒரு படத்த முழுசா பாத்தோம்."

"சாப்பிட்டானா?"

"வச்சதெல்லாம் காலி. கேள்வியே கேக்கல. சாமி, இப்படியே இருக்கட்டும்."

அன்று வெளியே ஓட்டிஸ் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்துக் குவியலுக்குக் கூட்டிப்போனான். வெர்னா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, பூசணி ஒட்டுவதற்கு ஆரஞ்சுத் தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து ஒரு வட்டம் வெட்டி நிமிர்ந்தால் ஒரு பிள்ளை குறைந்திருக்கும். இன்னொரு வட்டம் வெட்டி நிமிர்ந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர். குவியல் இப்போது அவள் மார்பளவு வந்துவிட்டது.

புதன்கிழமை இலை அச்சு எடுக்கும் நாள். தாளுக்கடியில் ஒரு இலையை வைத்து மேலே மெழுகுக் குச்சியால் தேய்த்தால், நரம்பு நரம்பாக இலை எழுந்து வரும். ஒவ்வொரு அக்டோபரிலும் பிள்ளைகள் இதைப் பார்த்து ஆவென்று வாய் பிளப்பார்கள். ஓட்டிஸ் இலை எடுத்துக்கொள்ளவில்லை. இடது கையைத் தாளுக்கடியில் வைத்துப் பழுப்புக் குச்சியால் நிதானமாகத் தேய்த்தான். வெர்னா அவன் தோளுக்கு மேலே குனிந்து நின்றிருந்தாள்.

தாளில் விரல்கள் வரவில்லை. நடுவில் தடித்த ஒரு நரம்பு. அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளை பிரிகிற நரம்புகள். ஓரத்தில் பல் பல்லாக வெட்டு.

தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அடியில் ஒரு குழந்தையின் கைதான் இருந்தது. நகத்தில் அழுக்கு. புறங்கையில் போன வாரத்துச் சிராய்ப்பு. பையன் முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தான், தாளைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தான். அந்தப் பொறுமை ஒரு குழந்தையுடையது இல்லை.

அவள் காலை யாரோ கட்டிப்பிடித்தார்கள். டெல்லா. வகுப்பிலேயே சின்னவள், மூன்றரை வயது. காலையில் அம்மா விட்டுப்போனால் மதியம்வரை அழுகிற பிள்ளை.

"மிஸ், ஓட்டிஸ் அழறான்."

"எங்கடா கண்ணு அழறான்? இதோ இங்கதானே உக்காந்திருக்கான்."

"இவன் இல்ல. அங்க இருக்கிறவன்." டெல்லா தோட்டத்துக் கதவைப் பார்த்துக் கை நீட்டினாள். "இருட்டா இருக்காம். அவங்க அப்பாவ வரச் சொல்றான்."

இனிமேல் யாரையும் வெளியே விடுவதில்லை என்று வெர்னா அந்த நிமிடமே முடிவு செய்தாள். அந்த முடிவு மூன்று மணிவரை நின்றது. வெளியே போகாத பிள்ளைகள் நிலவறையைத் தலைகீழாக்கினார்கள். பூசணிக்காயைக் குடைந்தெடுத்த கொழகொழப்பைச் சுவரில் அறைந்தார்கள், ஒருவன் நாற்காலியிலிருந்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான், டெல்லா அழுதாள், அவள் அழுவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். மாறிப்போன நான்கு பிள்ளைகள் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். என்ன அழகான பிள்ளைகள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ரோண்டாவின் அறைக்குப் போனாள்.

"பிள்ளைங்க சரியில்ல, ரோண்டா."

"என்ன, காய்ச்சலா?"

"இல்ல. அமைதியா இருக்காங்க."

ரோண்டா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். "வெர்னா, பதினாறு வருஷமா நீங்க எங்கிட்ட வந்து சத்தம் தாங்கலன்னு சொல்வீங்க. இப்ப அமைதி தாங்கலையா? லென்னுக்கு எப்படி இருக்கு? நீங்க தூங்கினீங்களா, இல்லையா?"

"அந்த இலைக்குவியல எடுத்துடலாமே."

"திங்கக்கிழமை நகராட்சி லாரி வருது. பெரிய குழாய் வச்சு உறிஞ்சி எடுத்து அங்கேயே அரைச்சுடுவாங்க. நாலு நாள் பொறுங்க."

அன்று முழுக்க டெல்லா அழுதாள். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்த அறையில் அந்த ஒரு அழுகை மட்டும், பல்லில் பட்ட கம்பிபோல, நிற்கவே இல்லை. வெர்னாவுக்கு இடது கண்ணுக்குப் பின்னால் வலி தெறித்தது. முந்தின இரவு லென் ஐந்து தடவை எழுப்பியிருந்தார். டெல்லா அவள் பாவாடையில் முகத்தைப் புதைத்திருந்தாள்; மூக்குச்சளி ஈரம் துணியைத் தாண்டித் தொடையில் சில்லிட்டது. வட்டத்தில் இருந்தவர்கள் யாரும் டெல்லாவைப் பார்க்கவில்லை. எட்டுப் பேரும் வெர்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தார்கள்.

வெர்னா மண்டியிட்டாள். டெல்லாவின் மூக்கைத் துடைத்தாள். ஜாக்கெட்டை எடுத்து ஒவ்வொரு கையாக நுழைத்து, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டாள். வெளியே குளிருமே.

"ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய விளையாடிட்டு வா, கண்ணு."

டெல்லாவின் அழுகை நின்றுபோனது. அவள் வெர்னாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்றரை வயதுப் பிள்ளை அப்படிப் பார்க்கக்கூடாது.

"மிஸ், நீங்களுமா?"

ஓட்டிஸ் கதவருகே கையை நீட்டியபடி நின்றான். வெர்னா கதவைத் திறந்தாள். மூடினாள். மேஜையில் தலையைச் சாய்த்தாள். நாற்பது நிமிடம் தூங்கினாள். அவ்வளவு நல்ல தூக்கம் அவளுக்கு அந்த வருடத்தில் வாய்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன், பிள்ளைகள் வேடம் போடும் நாள். ஒரு டைனோசர், இரண்டு தீயணைப்பு வீரர்கள், ஒரு பூசணிக்காய், தலையில் போர்வை போர்த்திய ஒரு பேய். டெல்லா தேனீ. மாலை மூன்றரைக்குத் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி ஊர்வலம். பெற்றோர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, சூடான ஆப்பிள் சாற்றுக் கோப்பைகளோடு கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். பிள்ளைகள் ஒற்றை வரிசையில் வந்தார்கள். ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை, யாருக்கும் டாட்டா காட்டவில்லை, யாருடைய தொப்பியும் விழவில்லை. ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்த பாட்டுக்கு ஒன்பது வாயும் அசைந்தன. சத்தம் வரவில்லை. காய்ந்த இலைகளை யாரோ காலால் தள்ளிக்கொண்டு போவதுபோல ஒரு சரசரப்பு மட்டும். கைதட்டலில் அதுவும் கேட்காமல் போனது.

கூட்டம் கலையும்போது டெல்லாவின் அம்மா வெர்னாவிடம் வந்தாள்.

"இன்னைக்குக் காலையில அழவே இல்ல, மிஸ். திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிட்டா." சிரிக்கப் பார்த்தாள். "எனக்குத்தான் வண்டியில உக்காந்து அழுகையா வந்துடுச்சு. வளர்றா, இல்லையா?"

அவள் கண் வெர்னாவின் கண்ணைவிட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வளர்றா," என்றாள் வெர்னா.

ஐந்தரைக்கு ரோண்டாவும் போய்விட்டாள். வெர்னா நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்தாள். குழாய்களை அடைத்தாள். விளக்கை அணைக்கக் கையைத் தூக்கியபோது கேட்டது.

அழுகை. ரொம்பத் தூரத்தில். இரண்டு மாதமாகத் தினம் கேட்ட அழுகை, தொண்டையில் ஒரு விக்கல் இடறி மறுபடி தொடங்குகிற அதே அழுகை. அது இப்போது இன்னொரு வீட்டில், தேனீ உடையில், ஒரு அம்மாவின் மடியில் அல்லவா இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை லாரி வரும்.

ஓடினாள். தோட்டத்தில் அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. குவியல் அவள் தலைக்கு மேலே நின்றது. காற்றே இல்லை. இலைகளை வாரி வாரி வீசினாள். வீசிய இடத்தில் மேலிருந்து இலை சரிந்து நிறைந்தது. சூடாக இருந்தது. போர்வைக்கு உள்ளே இருப்பதுபோன்ற சூடு. வலது கையை உள்ளே விட்டாள். முழங்கை போனது. தோள் போனது. தரை வரவில்லை.

"டெல்லா!"

அழுகை நின்றது.

"மிஸ்?"

அடியிலிருந்து. ரொம்ப அடியிலிருந்து.

ஒரு கை அவள் சுண்டுவிரலைப் பிடித்தது. சின்னக் கை. வெதுவெதுப்பு. மூக்கைத் துடைத்த பிசுபிசுப்பு. வெர்னாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கையையும் உள்ளே திணித்தாள். கன்னம் இலையில் அழுந்தியது. இன்னொரு கை மோதிரவிரலைப் பிடித்தது. இன்னொன்று நடுவிரலை. தட்டித் தடவி, ஒவ்வொரு கையாக, ஆளுக்கொரு விரல். யாரும் முண்டியடிக்கவில்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாரையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

இழுத்தாள். கால்களை ஊன்றி, முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்த்து இழுத்தாள். ஒரு அங்குலம் வரவில்லை. அவர்களும் விடவில்லை.

வேலிக்கு அப்பால் தெருவில் பிள்ளைகள் வீடுவீடாக மிட்டாய்க்காகக் கதவு தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ கலகலவென்று சிரித்தார்கள். கத்த வாயைத் திறந்தாள். இலை உள்ளே போனது.

ஒன்பது விரல்கள். ஒன்பது பிள்ளைகள். இடது கட்டைவிரல் மட்டும் சும்மா இருந்தது.

அடியில் அழுகை எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சின்ன விரல்கள் இறுகின.

பிறகு அந்தக் கட்டைவிரலையும் ஒரு கை பிடித்தது. அது சின்னக் கை இல்லை. அதில் சூடும் இல்லை. அவசரமே இல்லாமல் விரலைச் சுற்றி மடங்கி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, அவள் தோள்வரை நீண்டு படிந்தது.