காணாமற்போன மண் போத்தல்கள்

1988ஆம் ஆண்டின் ஒரு மழைக் காலையில், ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி சோதிலிங்கத்தின் கண்டி வீட்டுக்கு இளம் ஆய்வாளன் ராஜலிங்கம் நனைந்தபடி வந்தான். கதவைத் திறந்தவள் பக்கத்து வீட்டு அனீஸா. சட்டம் படிக்கும் அவளுக்குச் சோதிலிங்கத்துடன் வழக்குகளுக்கு அலைவதில் தீராத ஆசை.

"என் மண் மாதிரிப் போத்தல் பெட்டியைக் காணோம் சேர். கவனமில்லாதவன்னு மேடம் என்னை வேலைய விட்டு நிறுத்தப் போறாங்க."

டாக்டர் சத்தியபாமாவின் மண்ணாய்வு நிலையத்தில் நான்கு ஆய்வுகள் ஒரேநேரத்தில் நடந்தன. எது எந்த ஊரில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சுவர்ப்பலகையில் வண்ண ஊசிகள் காட்டும். ராஜலிங்கத்தின் வரிசையில் இருந்த ஊர் தெல்தோட்டை.

"ஆனா ஆமிக்காரங்க ரோட்ட மறிச்சிட்டாங்க. கலஹாவுல மண் எடுத்தேன். கேக்காம இடத்த மாத்துனதுக்கு மேடம் ஏசுவாங்கன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. போத்தல்ல மட்டும் ஊர்ப்பேர் எழுதி, பெட்டிய மூடி ஆய்வறையில வச்சேன். காலையில பெட்டியே இல்ல."

"அறையைப் பூட்டுற திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"மேடம், கிளார்க் தவமணி அக்கா, என்கூட ஆய்வு செய்யிற பாலேந்திரன் அண்ணன்."

நிலையத்தில் சோதிலிங்கம் மூவரிடமும் தனித்தனியே ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "என்ன காணாமற்போனது?"

"தெல்தோட்டை மண்" என்றார் டாக்டர். தவமணியும் அதையே சொன்னாள். பாலேந்திரன் தோளைக் குலுக்கினான். "கலஹா மண்தானே? திரும்ப அள்ளலாம்."

சோதிலிங்கம் எல்லோரையும் பலகையின் முன் அழைத்து, பாலேந்திரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பலகையில தெல்தோட்டை எண்டுதான் கிடக்கு. கலஹா எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

பாலேந்திரன் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

"பெட்டியைத் திறந்தவருக்கு மட்டும்தான் அது தெரியும்!" என்றாள் அனீஸா.

"ஓம். டாக்டர் சொன்னபடி தம்பியின்ரை ஆய்வு நிண்டு ஒரு வருஷம். தம்பியின்ரை அலுமாரியை இப்ப ஒருத்தரும் திறக்கிறேல்லை. அங்கை பாருங்கோ."

பெட்டி அங்கேதான் இருந்தது. ஒரு போத்தலும் உடையவில்லை.

பாலேந்திரன் கதிரையில் உட்கார்ந்தான். "சண்டையால கிளிநொச்சிக்குப் போய் மண் எடுக்கேலாது. என்ரை ஊசி அப்பிடியே நிக்குது. இவன்ரை ஊசி கிழமைக்குக் கிழமை நகருது. காலமை வந்து அதைப் பாக்கேக்கை வயிறு பத்தி எரியும். ஒருநாளெண்டாலும் அது நிக்கவேணும் எண்டு நினைச்சன்."

டாக்டர் தொலைபேசியை எடுத்தார். "பொலிஸுக்குச் சொல்லப்போறன்."

ராஜலிங்கம் ஓடிவந்து தொலைபேசியை அமுக்கி இணைப்பைத் துண்டித்தான். "வேணாம் மேடம். யாழ்ப்பாணத்து ஆள்னு தெரிஞ்சா பொலிஸ்காரங்க மண்ணப் பத்தியா கேப்பாங்க? புலின்னு புடிச்சிட்டுப் போயிருவாங்க."

டாக்டர் மெல்ல ரிசீவரை வைத்தார். "நாளையிலயிருந்து நீர் இங்கை வரவேண்டாம், பாலேந்திரன்."

திறப்பை மேசையில் வைத்துவிட்டு பாலேந்திரன் வாசல்வரை போனான். "மன்னிச்சுக்கொள்ளடா" என்றான்.

ராஜலிங்கம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் ஆறவும் இல்லை.

"அடையாள அட்டை கையில இருக்கா? பாலத்தடியில ஆமிக்காரங்க செக் பண்றாங்க" என்று மட்டும் கேட்டான்.